எம்.பி. கோயிலுக்குப் போனால் என்ன அர்த்தம்? வன்னியில் வழிபாடும் அரசியலும்

வைகாசி பிறந்தால், இலங்கையின் வடக்கே வன்னியில், வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு கும்பிட்டு நிற்கும் அரசியல்வாதிகளின் படங்கள் அன்று இரவே வந்துவிடும். ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. அங்கே அதே முகங்களில் சில, வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் இருக்கும். நோன்பு மாதத்தில் இப்தார் மேசையிலும் அவர்களைக் காணலாம். தேர்தல் நெருங்கினால் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றுக்கும் ஒரே கிழமையில் போய்வந்துவிடுவார்கள்.

படத்தைப் பார்ப்பவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். "எங்கட ஆள், பக்தியுள்ள மனிசன்" என்பது ஒரு பக்கம். "வோட்டுக்குப் போடுற வேஷம்" என்பது மற்றப் பக்கம். இரண்டுமே அவசர முடிவுகள். பொதுவாழ்வில் இருப்பவரின் வழிபாடு என்பது ஒரே விஷயமல்ல, குறைந்தது மூன்று விஷயங்கள் அதற்குள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தால்தான் எதைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், எதை விட்டுவிடலாம் என்பது தெரியும்.

முதலில் மூன்று சொற்கள்

1. நம்பிக்கை. ஒருவர் மனதுக்குள் வைத்திருப்பது. கடவுள் இருக்கிறார் என்று நினைக்கிறாரா, செத்த பிறகு என்ன ஆகும் என்று நினைக்கிறார் என்பதெல்லாம். வெளியில் இருந்து யாரும் இதை அளக்க முடியாது.

2. வழமை. ஊரோடு சேர்ந்து செய்வது. நம்பிக்கை இருந்தும் செய்யலாம், இல்லாமலும் செய்யலாம். வன்னியில் இதற்கு மிக நல்ல உதாரணம் முறிகண்டி. ஏ9 வீதியில் போகும் பஸ், லொறி, வான் எல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஒருதரம் நிற்கும். சாரதி இறங்கிப்போய்த் தேங்காய் உடைப்பார், கற்பூரம் கொளுத்துவார், திரும்பி வரும்போது ஒரு சரை கச்சானும் வாங்கி வருவார். பஸ்ஸில் இருக்கும் கத்தோலிக்க ஆசிரியைக்கும் முஸ்லிம் வியாபாரிக்கும் கச்சான்தான் முக்கியம். ஆனால் பஸ் நிற்கக்கூடாது என்று அவர்களில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அமைச்சரின் வாகனமும் அங்கே நிற்கும். நிற்காமல் போனால்தான் செய்தி.

3. அரசுச் சடங்கு. பதவியோடு ஒட்டிக்கொண்டு வருவது. பதவியேற்றதும் கண்டிக்குப் போய் மல்வத்து, அஸ்கிரிய மகாநாயக்க தேரர்களைச் சந்திப்பது, அரச விழாவில் விளக்கேற்றுவது போன்றவை. இங்கே கும்பிடுவது அந்த மனிதர் மட்டுமல்ல, அவரோடு அரசும் சேர்ந்து கும்பிடுகிறது.

குழப்பம் பெரும்பாலும் இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொள்வதில் தொடங்குகிறது. கோயிலில் காளாஞ்சி கொடுத்தார்கள், வாங்கினார் என்பது வழமை. பரிபாலன சபைக்காரர் தாம்பாளத்தை நீட்டும்போது "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்று கையை எடுப்பவர் நேர்மையானவராக இருக்கலாம். ஊர் அவரைப் பண்பில்லாதவர் என்றுதான் சொல்லும்.

இன்னொரு பக்கமும் உண்டு. சிங்களத் தலைவர் ஒருவர் வற்றாப்பளைக்கு வந்து கும்பிட்டால் அது நடிப்பு என்று உடனே சொல்லிவிடுகிறோம். ஆனால் கண்ணகியைப் பத்தினி தெய்வமாகச் சிங்கள பௌத்தர்களும் நூற்றாண்டுகளாக வணங்கி வருகிறார்கள். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புநீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளையில் பொங்குகிறோமே, அந்த விளக்கின் முன் நிற்கும் சிங்களப் பெண்மணி தன் ஊர்த் தெய்வத்தின் முன்தான் நிற்கிறார். அவர் வீட்டுக்காரர் அமைச்சராக இருப்பதால் அந்தக் கும்பிடு பொய்யாகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது

1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்த மதத்துக்கு முதன்மைத் தானம் கொடுக்கிறது. பௌத்த சாசனத்தைப் பாதுகாப்பதும் பேணி வளர்ப்பதும் அரசின் கடமை என்கிறது. அதே மூச்சில் மற்ற மதங்களின் உரிமையையும் உறுதி செய்கிறது. 10ஆம் உறுப்புரைப்படி விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு. அதை வழிபாட்டில் வெளிக்காட்டும் உரிமை 14ஆம் உறுப்புரையில் வருகிறது.

ஜனாதிபதி இன்ன மதத்தவராக இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. பதவியேற்கும் வாசகமும் அப்படித்தான். நான்காம் அட்டவணையில் இருப்பது ஒரே வாசகம், இரண்டு வழி: கடவுளை முன்வைத்துச் சத்தியம் செய்யலாம், அல்லது கடவுளை இழுக்காமல் உறுதி கூறலாம். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே பெறுமதி.

ஆனால் எழுதாத விதி ஒன்று உண்டு. இதுவரை இருந்த ஜனாதிபதிகள் எல்லோருமே பௌத்தர்களாகவே மக்கள் முன் நின்றார்கள். இது 1978இல் தொடங்கியதும் அல்ல. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. கிராமத்தவனின் வாக்கு தேவைப்பட்டதும் தென்னிலங்கை மேட்டுக்குடிக் கிறிஸ்தவர் பலர் பௌத்தத்துக்கு மாறினார்கள். "டொனமூர் பௌத்தர்கள்" என்று அவர்களைக் கேலி செய்வது வழக்கம். அங்கிலிக்கனாக வளர்க்கப்பட்ட எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் பௌத்தரானவர்தான். அவர் மனதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

2019 நவம்பர் 18ஆம் தேதி கோட்டாபய ராஜபக்ச அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்றார். வவுனியாவில் இருந்து பஸ் ஏறினால் அதிக நேரம் பிடிக்காத இடம். அவருடைய நம்பிக்கை பற்றி இங்கே ஒருவருக்கும் பிரச்சினை இல்லை. இடத்தைத் தெரிந்தெடுத்தது ஒரு செய்தி, அந்தச் செய்தி வன்னிக்கும் விளங்கியது.

வன்னியின் கணக்கு

வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது. நிலத்தால் வன்னியாக இருக்கும் கிளிநொச்சி, வாக்கால் யாழ்ப்பாணத்தோடு போய்விடுகிறது. வன்னிக்கு ஆறு ஆசனம். வாக்காளர் முதலில் கட்சிக்குப் புள்ளடி போட்டு, பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குக் கொடுக்கலாம்.

இந்த விருப்பு வாக்குத்தான் ஒரு வேட்பாளரை மூன்று வாசலுக்கும் ஓட வைக்கிறது. மன்னாரில் கத்தோலிக்கர் பெருந்தொகை, முஸ்லிம்களும் கணிசம். வவுனியாவில் சைவர்களோடு முஸ்லிம், சிங்களக் கிராமங்கள். முல்லைத்தீவில் சைவ ஊர்களுக்கு நடுவே கரையோரத்தில் கத்தோலிக்க மீனவக் கிராமங்கள். சொந்தச் சமயத்தவரின் வாக்கை மட்டும் நம்பி இருப்பவர் தன் கட்சிக்காரனிடமே தோற்றுப்போவார், ஏனென்றால் விருப்பு வாக்கில் போட்டி முதலில் கட்சிக்குள்ளேதான். ஆக, அந்த ஒரு கிழமைப் படங்களுக்குக் காரணம் பக்தியும் அல்ல, பாசாங்கும் அல்ல. தேர்தல் முறையே அப்படி.

1968: இரண்டு கோயில்கள்

தலைவரின் சமயத்தை வைத்து அவர் என்ன செய்வார் என்று சொல்ல முடியுமா? முடியாது என்பதற்கு 1968ஆம் ஆண்டு ஒன்றே போதும்.

சைவர்கள் பெரும்பான்மையாக இருந்த காங்கேசன்துறைத் தொகுதியின் எம்.பி. எஸ்.ஜே.வி. செல்வநாயகம். அவர் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர். தமிழரசுக் கட்சியின் தலைவர், பின்னாளில் தந்தை செல்வா. அவர் கிறிஸ்தவர் என்பது எதிரணி மேடைகளில் பேசப்படாமல் இருந்ததில்லை. அவர் மதம் மாறவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

மற்றவர் சி. சுந்தரலிங்கம். பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1947இல் வவுனியாத் தொகுதியில் வென்று டி.எஸ். சேனநாயக்கவின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார், மலையகத் தமிழரின் பிரஜாவுரிமைப் பிரச்சினையில் அதை விட்டு வெளியேறினார். "அடங்காத் தமிழன்" என்று பெயர் எடுத்தவர். வன்னி மக்கள் அனுப்பி வைத்த சைவர்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் தங்களையும் விடச்சொல்லி ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராடினார்கள். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது, ஆனால் கோயில் கதவுக்கு அது இன்னும் தெரியவில்லை. வாசலில் நின்று மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சுந்தரலிங்கம். அந்த வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் (அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றம்) வரை போனது. மாவிட்டபுரமோ செல்வநாயகத்தின் தொகுதி. ஒரு கிறிஸ்தவர் சைவக் கோயில் வாசலில் நின்று என்ன சொன்னாலும் "உனக்கென்ன இதில்?" என்ற கேள்வி வரும். அந்தத் தயக்கம் தமிழரசுக் கட்சிக்கு இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் அதை மன்னிக்கவில்லை, மன்னிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

இரண்டாவது கோயில் திருகோணமலைக் கோணேஸ்வரம். அப்போது டட்லி சேனநாயக்க அரசில் தமிழரசுக் கட்சியின் சார்பில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் மு. திருச்செல்வம். கோணேஸ்வரச் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பிரதமர் அந்தக் குழுவை நிறுத்தினார். திருச்செல்வம் அமைச்சர் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார்.

அதாவது ஒரே ஆண்டில், ஒரு கிறிஸ்தவரின் தலைமையில் இருந்த கட்சி ஒரு சிவன் கோயிலுக்காக அமைச்சர் பதவியை இழந்தது. ஒரு சைவர் முருகன் கோயிலுக்குள் சைவர்களை விடாமல் மறித்தார். இருவரின் சமயத்தை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர் இதில் எதைச் சரியாக ஊகித்திருப்பார்?

2018: முஸ்லிம் பிரதி அமைச்சரும் இந்து விவகாரமும்

இதுதான் வன்னியில் அண்மைக் காலத்தில் அதிகம் குழம்பிய விஷயம். 2018 ஜூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, வன்னி மாவட்ட எம்.பி. காதர் மஸ்தானைப் பிரதி அமைச்சராக நியமித்தார். பதவியின் பெயரில் மீள்குடியேற்றம், புனர்வாழ்வு, வடக்கு அபிவிருத்தி ஆகியவற்றோடு இந்து மத விவகாரமும் இருந்தது. முஸ்லிம் ஒருவருக்கு இந்து மத விவகாரமா என்று வடக்கில் எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களுக்குள் அந்தப் பகுதியை மட்டும் அவர் விட்டுக்கொடுத்தார்.

என்ன நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இந்து சமய அலுவல்களை யாரும் எடுத்து ஒரு முஸ்லிமிடம் தனியாகக் கொடுக்கவில்லை. நான்கு விஷயங்களை ஒரே அமைச்சாகக் கட்டியிருந்தார்கள், அமைச்சர் டி.எம். சுவாமிநாதன். அந்த மூட்டைக்குப் பிரதி அமைச்சராக வந்தவருக்கு மூட்டை முழுவதும் வந்தது. தவறு என்றால் முதல் தவறு மூட்டை கட்டியதில்.

2. இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் வேலை பூசை செய்வதல்ல. கோயில்களைப் பதிவது, திருத்த வேலைக்கு நிதி கொடுப்பது, அறநெறிப் பாடசாலைகளைக் கவனிப்பது போன்ற அலுவலக வேலை. இதற்குத் தீட்சை தேவையில்லை. கணக்கு ஒழுங்காக இருந்தால் போதும்.

3. அப்படியென்றால் எதிர்ப்பு வெறும் மதவெறியா? அதுவும் இல்லை. 9ஆம் உறுப்புரை உள்ள நாட்டில், பௌத்த சாசன அமைச்சைப் பௌத்தர் அல்லாத ஒருவரிடம் கொடுப்பார்களா என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. தங்களிடம் மட்டும் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்ற எரிச்சல் நியாயமானது. அது மஸ்தான் மேல் வந்து விழுந்தது.

4. எதிர்ப்பில் கவனிக்காமல் விட்டது மீள்குடியேற்றம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் காணி, காடு, வீட்டுத் திட்டம் என்று அந்தக் கதை இன்னும் முடியவில்லை. போரில் எல்லாம் இழந்த தமிழ்க் குடும்பங்களும் அதே கச்சேரி (மாவட்டச் செயலக) வரிசையில்தான் நிற்கின்றன. இந்த வேலையை அவர் எப்படிச் செய்யப் போகிறார், யாருக்கு எவ்வளவு வீடு என்ற கேள்விதான் வன்னிக்கு வயிற்றுக் கேள்வி. அதைக் கேட்டவர்கள் குறைவு.

5. அப்புறம் இன்னொன்று. இப்போது பௌத்தம், இந்து, கிறிஸ்தவம், முஸ்லிம் ஆகிய நான்கு சமயத் திணைக்களங்களும் ஒரே அமைச்சின் கீழ் வருகின்றன: புத்தசாசன, சமய மற்றும் கலாசார அலுவல்கள் அமைச்சு. அமைச்சின் பெயரில் எது முதலில் நிற்கிறது என்று பாருங்கள். 2018இல் கொதித்தவர்கள் இதற்குப் பெரிதாகக் கொதிக்கவில்லை. முஸ்லிம் எம்.பி. பக்கத்தில் இருக்கிறார், திட்டலாம். கொழும்பு தூரத்தில் இருக்கிறது.

ஆயரின் எண்

மேலே சொன்னவர்கள் எல்லோரும் அரசியலில் இருந்து கோயிலுக்குப் போனவர்கள். எதிர்த் திசையில் வந்தவர் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். 1992 முதல் 2016 வரை ஆயராக இருந்தார், 2021 ஏப்ரலில் காலமானார்.

2011 ஜனவரியில், போர் முடிந்த பிறகு அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் அவர் சாட்சியம் அளித்தார். வேதாகமத்தோடு போயிருக்கலாம். அவர் கொண்டுபோனது கச்சேரிப் புள்ளிவிவரம். 2008 அக்டோபரில் வன்னியில் 429,059 பேர் இருந்ததாக அரச அலுவலகக் கணக்கு. 2009 ஜூலையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர் என்று ஐ.நா. அலுவலகக் கணக்கு. கழித்தால் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்த எண்ணோடு உடன்படாதவர்கள் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது அவர் கேட்ட விதம். அங்கி அவருக்கு அந்த மேசைக்கு முன் ஒரு கதிரையைப் பெற்றுக் கொடுத்தது. உட்கார்ந்த பிறகு பேசியது எந்த மதத்தவரும் சரிபார்க்கக்கூடிய கழித்தல் கணக்கு. அதனால்தான் 146,679 என்பதைச் சைவர்களும் தங்கள் எண்ணாகவே சொல்கிறார்கள்.

சடங்கு சட்டத்தின் மேல் ஏறும்போது

வழமையைக் கேள்வி கேட்கத் தேவையில்லை என்றோம். அரசுச் சடங்கைக் கேட்கத்தான் வேண்டும். வன்னியில் இதற்கு இரண்டு இடங்கள்.

முதலாவது, செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில். அந்த வளாகத்தில் விகாரை அமைத்திருந்த பிக்கு 2019 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார். உடலைக் கோயிலடியில் எரிக்கக் கூடாது, வேறு இடத்தில் தகனம் செய்ய வேண்டும் என்று முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளை இருக்கவே, பொது பல சேனா அமைப்பின் கலகொட அத்தே ஞானசார தேரர் உள்ளிட்டோர் முன்னின்று கோயிலின் தீர்த்தக் கேணிக்குப் பக்கத்தில் உடலை எரித்தார்கள். பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குப் போன ஞானசார தேரரை ஜனாதிபதி பொதுமன்னிப்பில் வெளியே விட்டு அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

இறந்தவருக்கு இறுதிக்கிரியை செய்வது வழமை, அதில் எவருக்கும் பேச்சில்லை. அன்றைய கேள்வி எரிப்பது பற்றியதே அல்ல. நீதவானின் கட்டளை காவியுடைக்கும் பொருந்துமா என்பதுதான்.

இரண்டாவது, குருந்தூர்மலை. 2021 ஜனவரியில் தேசிய மரபுரிமைகள் இராஜாங்க அமைச்சர் விதுர விக்கிரமநாயக்க அங்கே வந்தார். தொல்பொருள் அகழ்வின் தொடக்கம் என்றார்கள். படையினர் சூழ, புத்தர் சிலையோடு, பிக்குகளின் பிரித் (பௌத்தப் பாராயணம்) ஓதலோடு அது நடந்தது. ஊரவர்கள் ஆதி ஐயனாரை வைத்துக் கும்பிட்டு வந்த மலை அது. அகழ்வு என்பது விஞ்ஞானம். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது தோண்டிய பிறகுதான் தெரியவேண்டும். தோண்டுவதற்கு முன்பே சிலை வந்துவிட்டால் முடிவும் முன்பே வந்துவிட்டது என்று ஊர் நினைத்ததில் என்ன பிழை? அமைச்சர் தன் வீட்டில் நாள் முழுவதும் பிரித் ஓதட்டும், அது 10ஆம் உறுப்புரை. மலைக்கு அவர் வந்தது அரச வாகனத்தில், அரச பதவியில், அரச படையோடு.

இப்படியான படம் ஒன்று அடுத்தமுறை வரும்போது கேட்டுப் பார்க்கக்கூடியவை:

1. அவர் அங்கே சனத்தோடு சனமாக நிற்கிறாரா, அல்லது பதவியைக் காட்டி நிற்கிறாரா?
2. அந்த இடம் யாருடையது என்பதில் வழக்கு, வர்த்தமானி, எல்லைக்கல் ஏதாவது இருக்கிறதா?
3. அவர் போன பிறகு யாராவது அந்த வாசலுக்குள் போக முடியாமல் ஆகிறதா?

மூன்றாவதற்கு மாவிட்டபுரமும் பதில், குருந்தூர்மலையும் பதில். மறிப்பவர் வேட்டியிலும் இருக்கலாம், காவியிலும் இருக்கலாம்.

குருந்தூர்மலையில் புதிய கட்டுமானத்தை நிறுத்தும்படி 2022இல் முல்லைத்தீவு நீதிமன்றம் சொன்னது. வேலை நிற்கவில்லை என்று திரும்பத் திரும்ப முறையிட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ரி. சரவணராஜாவைப் பற்றி நாடாளுமன்றத்துக்குள்ளேயே தாக்கிப் பேசினார்கள். 2023 செப்டம்பரில், தன் உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதாகச் சொல்லி, அவர் பதவியை விட்டு விலகி நாட்டை விட்டும் போய்விட்டார்.